1500 வாட் கெட்டில் சாயங்காலம் மட்டும் ஏன் மெதுவாகக் கொதிக்கிறது?

நீங்கள் கேட்டதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்திருந்தால் திருத்துங்கள். திருப்பூரில் லைன் வீட்டில், அதாவது வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடுகிற வீடுகளில் ஒன்றில், தனியாக இருக்கிறீர்கள். ஒன்றரை லிட்டர் பிடிக்கிற 1500 வாட் கெட்டில் வாங்கி மூன்று மாதம் ஆகிறது. காலை ஐந்தரை மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போட்டால் நாலு நிமிடத்தில் கொதிக்கிறது, அதே கெட்டில் இராத்திரி ஏழு மணிக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் இழுக்கிறது. வீட்டுக்கார அம்மா வேறு, ‘அது கரண்டைக் குடிக்கும், 600 வாட் சின்னது ஒன்று வாங்கிக்கோ’ என்கிறார். கெட்டில் போய்விட்டதா, 600 வாட்டுக்கு மாறினால் பில் குறையுமா என்று ரெண்டு கேள்வி போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. கெட்டிலின் அடியில் ‘வாட்’ என்று போட்டிருக்கிறதே, அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

நான் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவன். கோவையில் ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் ஆறு வருடம் இருந்துவிட்டு, இருபது வருடத்துக்கும் மேலாகப் பல்லடத்தில் மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கெட்டில் என்று எல்லாம் பழுது பார்க்கிறேன். கெட்டில் மட்டும் வாரத்துக்கு நாலைந்து வரும். அதில் பாதி பழுதே இருக்காது.

வாட் என்பது வேகம். எவ்வளவு கரண்ட் செலவாகிறது என்பது யூனிட். நம்ம பக்கத்துக்குப் புரிகிற மாதிரி சொன்னால், தோட்டத்துத் தொட்டியை 5 எச்.பி. மோட்டார் வைத்து நிரப்பினால் கால்மணி நேரம், 1 எச்.பி. வைத்து நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். தொட்டிக்குள் போன தண்ணீர் ரெண்டிலும் ஒன்றுதான். கெட்டிலில் நிரம்ப வேண்டியது வெப்பம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4.19 கிலோஜூல் வேண்டும், இது எந்தக் கம்பெனிக் கெட்டிலாக இருந்தாலும், விறகடுப்பாகவே இருந்தாலும் மாறாது. 25 டிகிரியில் இருக்கிற தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுபோக 75 டிகிரி ஏற வேண்டும், அதாவது 314 கிலோஜூல். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். அப்படியென்றால் ஒரு லிட்டர் கொதிக்க 0.087 யூனிட், கெட்டில் பாத்திரமும் சூடாவதையும் கொஞ்சம் ஆவியாகப் போவதையும் சேர்த்தால் 0.1 யூனிட். பத்து லிட்டர் கொதிக்க வைத்தால் ஒரு யூனிட், இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நேரக் கணக்கும் இதிலிருந்தே வந்துவிடும். 314 கிலோஜூலை 1500 வாட்டால் வகுத்தால் 209 நொடி, மூன்றரை நிமிடம். நிஜத்தில் நாலு நிமிடம் ஆகும். 1000 வாட் என்றால் கணக்குப்படி ஐந்தே கால் நிமிடம், நிஜத்தில் ஆறு. 600 வாட் டிராவல் கெட்டிலில் ஒரு லிட்டர் பிடிக்காது, பிடித்தால் பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஆகும். ‘மூன்றே நிமிடத்தில்’ என்று அட்டைப் பெட்டியில் பெரிசாகப் போட்டிருப்பார்கள், எவ்வளவு தண்ணீருக்கு என்று போட்டிருக்க மாட்டார்கள், நாமும் கேட்பதில்லை.

இப்போது வீட்டுக்கார அம்மா சொன்னதற்கு வருகிறேன். 600 வாட் கெட்டில் மெதுவாகக் குடிக்கும், ஆனால் குடித்து முடிக்கும்போது அதே 0.1 யூனிட்தான். சொல்லப்போனால் ஒரு துளி கூடவே ஆகும், ஏனென்றால் மெதுவாகச் சூடாகும்போது பாத்திரத்தின் பக்கவாட்டில் இருந்து வெளியே போகிற வெப்பத்துக்கு அதிக நேரம் கிடைக்கிறது. ஒற்றைச் சுவர் ஸ்டீல் கெட்டில் சூடேறிக்கொண்டிருக்கும்போது சராசரியாக 30 வாட் வாக்கில் காற்றில் விடும். 1500 வாட்டில் அது ரெண்டு சதவீதம், 600 வாட்டில் ஐந்து சதவீதம். இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை, பைசாக் கணக்கு. ஆனால் ‘வாட் குறைந்தால் பில் குறையும்’ என்பது கெட்டில் விஷயத்தில் தலைகீழ் என்பதைக் காட்டவாவது உதவும்.

இங்கே ஒரு குழப்பம் இயல்பாகவே வருகிறது. பல்பு, ஃபேன் எல்லாம் வாட் குறைந்தால் பில் குறையத்தான் செய்யும். ஏனென்றால் ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம், பத்து மணி நேரம் என்றால் பத்து மணி நேரம்தான். கெட்டில் எத்தனை நிமிடம் ஓடும் என்பதைத் தண்ணீர் தீர்மானிக்கிறது. அந்த அம்மா ஃபேன் கணக்கை எடுத்துக் கெட்டிலுக்குப் போடுகிறார். தினம் ரெண்டு வேளை ஒவ்வொரு லிட்டர் என்று வைத்தாலும் ரெண்டு மாதத்துக்கு 12 யூனிட். உங்கள் அறையில் ஓடுகிற பழைய 75 வாட் சீலிங் ஃபேன் தினம் பத்து மணி நேரம் சுற்றினால் ரெண்டு மாதத்துக்கு 45 யூனிட். லைன் வீட்டில் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வாங்குகிறார் என்றே வைத்தாலும் கெட்டிலுக்கு 96 ரூபாய்தான், ரெண்டு மாதத்துக்கு.

சரி, சாயங்காலம் ஏன் மெதுவாகிறது? உங்கள் கேள்வியில் ருசியான பகுதி இதுதான். போன வருடம் சோமனூர்ப் பக்கமிருந்து ஒரு பையன் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அண்ணா, காலைல ஜோரா கொதிக்குதுங்ணா, பொழுதுக்கு மேல போட்டா செத்த பாம்பாட்டம் கெடக்குதுங்ணா” என்றான். அவன் எதிரிலேயே கடையில் போட்டேன், நாலு நிமிடத்தில் கட்-ஆஃப் ஆனது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. “உங்க கடையில கொதிக்குது, எங்க ஊட்டுல கொதிக்க மாட்டேங்குது” என்றான். அவன் சொன்னது முழுக்க உண்மை. நான் வோல்டேஜைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன், அடுத்த நாள் போன் பண்ணி 185 என்றான்.

அதற்குப் பிறகு எனக்கே ஒரு ஆசை வந்து கடையில் ஒரு சோதனை செய்தேன். ஒரு 1500 வாட் ஸ்டீல் கெட்டில், அளந்து ஊற்றிய ஒரு லிட்டர் தண்ணீர், 27 டிகிரி, பிளக்கில் செருகுகிற ஒரு சின்ன மீட்டர், செல்போனில் ஸ்டாப்வாட்ச். காலை ஆறு மணிக்கு 228 வோல்ட் இருந்தது, மீட்டர் 1470 வாட் வாக்கில் காட்டியது, ஸ்விட்ச் தானாக மேலே எழும்பும்போது 4 நிமிடம் 5 நொடி. வேரியாக் என்று ஒன்று காயில் பட்டறைகளில் வைத்திருப்பார்கள், வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர், அதை வைத்து 188 வோல்ட்டுக்கு இறக்கி அதே கெட்டிலை ஆறவைத்து மறுபடி போட்டேன். மீட்டர் 1000 வாட் காட்டியது. 6 நிமிடம் 5 நொடி ஆனது. ஆனால் யூனிட் கணக்கைப் பாருங்கள், ரெண்டு தடவையும் 0.10தான், மூன்றாவது தசமத்தில்தான் வித்தியாசம். நேரம் பாதிக்குப் பாதி கூடியும் மீட்டர் அசையவில்லை. மேலே தொட்டி கதை சொன்னேனே, அதைக் கண்ணால் பார்த்தது போல இருந்தது.

வோல்டேஜ் 18 சதவீதம் குறைந்ததற்கு வாட் ஏன் 32 சதவீதம் குறைந்தது என்று கேட்பீர்கள். கெட்டிலுக்குள் இருப்பது வெறும் நிக்ரோம் கம்பி, அதைத்தான் எலிமென்ட் என்போம், அதன் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை, அளவு ஓம்) ஏறக்குறைய மாறாது. வோல்டேஜ் குறைந்தால் கம்பியில் ஓடுகிற கரண்டும் (ஆம்பியர்) அதே அளவு குறையும், வாட் என்பது ரெண்டையும் பெருக்கியது, ஆகவே அடி ரெண்டு பக்கமும் விழுகிறது. வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் மாறும் என்று புத்தகத்தில் படித்திருப்போம். கெட்டிலின் அடியிலேயே இந்த விதி அச்சடித்து இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை: ‘220-240 வோல்ட், 1850-2200 வாட்’ என்று சிலவற்றில் போட்டிருப்பார்கள். 240ஐ 220ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.19, 1850ஐ அதால் பெருக்கினால் 2200. அது தயாரிப்பாளரின் தடுமாற்றம் இல்லை, ஒரே கம்பி ரெண்டு வோல்டேஜில் எப்படி நடக்கும் என்பதன் கணக்கு.

இதே விதி மறுபக்கமும் கடிக்கும். அமெரிக்காவில் இருந்து வந்த மகன் விட்டுப்போன கெட்டில் என்று ஒரு பெரியவர் கொண்டுவந்தார், 120 வோல்ட் 1500 வாட். பின் மாற்றும் அடாப்டர் மட்டும் போட்டு நம் 230இல் செருகிவிட்டார். கணக்குப்படி 5500 வாட் இழுக்கும், 24 ஆம்பியர். லோடு கூடினால் தானாக அணைகிற எம்.சி.பி. ஸ்விட்ச் விழுவதற்குள் எலிமென்ட் முந்திக்கொண்டு அறுந்துவிட்டது, தண்ணீர் வெதுவெதுப்புக்கூட ஆகவில்லை என்றார். இங்கிருந்து 1500 வாட் கெட்டிலை அங்கே கொண்டுபோனால் 400 வாட் சொச்சம்தான் கிடைக்கும், ஒரு லிட்டருக்குக் கால்மணி நேரம். வெளிநாட்டுக்காரர்கள் கெட்டில் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது அவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்த்துவிட்டுப் படியுங்கள். பிரிட்டனில் 3000 வாட் கெட்டில் சாதாரணம், அங்கே சுவர்ப் பிளக்கே 13 ஆம்பியர். 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து பெனால்டியில் மேற்கு ஜெர்மனியிடம் தோற்று ஆட்டம் முடிந்ததும் நாடு முழுக்க எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டதில், மின்தேவை ஒரேயடியாக 2800 மெகாவாட் எகிறியது. அங்கே கெட்டில் லைனை இழுக்கிறது, இங்கே லைன் கெட்டிலை இழுக்கிறது.

நம் பக்கம் சாயங்காலம் வோல்டேஜ் ஏன் இறங்குகிறது என்பதற்குப் பெரிய மர்மம் இல்லை. பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி, தறி ஒன்றுக்கு ஒரு குதிரைத்திறன் வாக்கில் மோட்டார். உங்கள் பக்கம் பனியன் கம்பெனிகள், அயர்னிங் டேபிள்கள். ஏழு மணிக்கு வீடுகளில் லைட், ஃபேன், கிரைண்டர், மோட்டார் எல்லாம் ஒன்றாகச் சேரும். டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து தள்ளிக் கடைசிக் கம்பத்தில் இருக்கிற லைன் வீட்டுக்கு மிச்சம் வருவதுதான் வரும். விதிப்படி வீட்டுக்கு 230 வோல்ட், ஆறு சதவீதம் ஏறலாம் இறங்கலாம், அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. போகிறது.

இதுவரை சொன்னது கணக்கு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் வீட்டில் நடப்பதும் இதுதானா என்பது வேறு விஷயம், பல்லடத்தில் உட்கார்ந்துகொண்டு திருப்பூர் சுவிட்சைப் பார்க்க முடியாது. நேரம் நாலு ஆறாக மாறியது என்று நீங்கள் சொன்னதை வைத்து வோல்டேஜ்தான் என்று பத்துக்கு எட்டு என்று சொல்வேன். மீதி ரெண்டு என்ன என்றால், தெரு லைனில் வோல்டேஜ் நன்றாகவே இருந்து, உங்கள் வீட்டு வயரில் எங்காவது அது தொலைந்துகொண்டிருக்கலாம். ரெண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும், 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, பழக்கமில்லை என்றால் நீங்களாகச் சாக்கெட்டில் நோண்டாமல் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிடுங்கள். இராத்திரி ஏழு மணிக்கு, கெட்டில் போடாமல் சாக்கெட்டில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். அப்புறம் கெட்டிலைப் போட்டுவிட்டுப் பக்கத்துச் சாக்கெட்டில் பாருங்கள். முதலிலேயே 190 என்றால் அது லைனின் பிரச்சினை, வீட்டுக்காரரை வைத்து ஈபியில் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். முதலில் 225 இருந்து கெட்டில் போட்டதும் 200க்கு விழுந்தால், கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயரோ, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயரின் ஜாயின்டோ எங்கோ லூசாக இருக்கிறது. 25 வோல்ட் இறக்கம், ஐந்தரை ஆம்பியர் கரண்ட், பெருக்கினால் 140 வாட் உங்கள் கெட்டிலுக்குப் போகாமல் ஒரு வயருக்குள் சூடாக எரிகிறது. அது உங்கள் வீட்டுக்கென்று தனியாக வைத்திருக்கிற சப் மீட்டருக்கு அந்தப் பக்கம் இருந்தால் வீட்டுக்காரர் பணம், இந்தப் பக்கம் இருந்தால் உங்கள் பணம், எந்தப் பக்கம் இருந்தாலும் அது நெருப்பு. உடனே பார்க்க வேண்டியது அதைத்தான், கெட்டிலை இல்லை.

வீட்டுக்கார அம்மாவை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். பில் விஷயத்தில் அவர் கணக்கு தப்பு, ஆனால் 1500 வாட்டைக் கண்டு பயப்பட நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர். சுவரில் இருக்கிற சின்னச் சாக்கெட், நாம் பழக்கத்தில் 5 ஆம்ப் என்போம், இப்போதைய தரப்படி 6 ஆம்பியர். சில கெட்டில்கள் பெரிய பின்னோடு வருகின்றன, சில சின்னப் பின்னோடே வந்துவிடுகின்றன. நாலு நிமிடத்துக்கு 6.5 ஆம்பியரைப் புதுச் சாக்கெட் தாங்கிவிடும். பத்து வருடம் பழசான, பின் செருகினால் தொளதொளவென்று ஆடுகிற லைன் வீட்டுச் சாக்கெட் தாங்காது. அந்த லூஸ் கான்டாக்ட்டில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருந்தால்கூட, கரண்டின் வர்க்கத்தால் பெருக்கினால் 21 வாட் ஆகிறது. நான் கடையில் ஈயம் உருக்குகிற சாலிடரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட ஒரு சாலிடரிங் அயர்னைப் பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் வைத்து மூடியது போல. அதே இடத்தில் 600 வாட் கெட்டில் போட்டால் 2.6 ஆம்பியர்தான், சூடு மூன்றரை வாட்டோடு நின்றுவிடும்.

அதனால் இன்று இராத்திரியே ஒன்று செய்யுங்கள். தண்ணீர் கொதித்துக் கட்-ஆஃப் ஆனதும் சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பின்களில் விரலை வைத்துப் பாருங்கள். லேசாக வெதுவெதுப்பு இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடு, இல்லையென்றால் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பு நிறம், மீன் கருகிய மாதிரி ஒரு வாடை இருந்தால் அந்தச் சாக்கெட்டை அப்புறம் தொடாதீர்கள். சமையல் மேடைக்கு மேலே 16 ஆம்பியர் சாக்கெட் இருந்தால் அதில் போடுங்கள், முறையாகச் செய்திருந்தால் அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் இழுத்திருப்பார்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, அதுவும் செல்போன் சார்ஜர், டேபிள் ஃபேன் எல்லாம் செருகுகிற அந்த நூறு ரூபாய் பாக்ஸில். என் கடைக்கு வருகிற கருகிய கெட்டில் பின்களில் பெரும்பாலானவை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தவை. டி.வி., ஃபிரிட்ஜுக்கு வாங்கிய ஸ்டெபிலைசரில் கெட்டிலைப் போட்டு வோல்டேஜைத் தூக்கலாம் என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள், அது 500 வி.ஏ. சரக்கு, ஏறக்குறைய 500 வாட்தான் தாங்கும், புகைந்துவிடும்.

கெட்டில் கெட்டுவிட்டதா என்ற சந்தேகம் இன்னும் இருந்தால், பிளக்கைக் கழற்றிய நிலையில், கெட்டிலை அதன் வயர் வருகிற தட்டில் வைத்து ஸ்விட்சைக் கீழே அழுத்திவிட்டு, பிளக்கின் ரெண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள், கனமான எர்த் பின்னை விட்டுவிடுங்கள். 1500 வாட் என்றால் 35 ஓம் வர வேண்டும். 1000 வாட் என்றால் 53. அச்சடித்த வாட்டில் பத்து சதவீதம் குறைவு, ஐந்து சதவீதம் கூடுதல் வரை தரநிர்ணயத்திலேயே அனுமதி உண்டு, ஆகவே 34இல் இருந்து 39 வரை எதுவும் நேர்மையான 1500தான். பெயர் வேண்டாம், சந்தையில் மலிவாக வாங்கிய ஒரு கெட்டில் 1500 என்று போட்டுக்கொண்டு 44 ஓம் காட்டியது, அது 1200 வாட். எலிமென்ட் பழசாகி மெதுவாக வாட் குறைந்துகொண்டே வரும் என்று சிலர் சொல்வார்கள். நான் பார்த்த அளவில் எலிமென்ட் ஒன்று சரியாக இருக்கும், இல்லையென்றால் அறுந்துபோயிருக்கும், நடுவில் கிழடு தட்டுவதைப் பார்த்ததில்லை.

உப்புத் தண்ணீர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கீழே வந்து ‘அடியில் வெள்ளையாகப் படிந்தால் லேட்டாகும்’ என்று எழுதுவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். நம் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஒரே மாதத்தில் அடியில் சுண்ணாம்பு பூசிவிடும், சிறுவாணித் தண்ணீர் வருகிற கோவை வீட்டில் வருடம் ஆனாலும் அப்படிப் படியாது. அந்தப் படிவு கொதிக்கும் நேரத்தைப் பெரிதாகக் கூட்டாது. எலிமென்ட்டில் உண்டாகிற சூடு எங்கே போகும், எப்படியும் தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும், கொஞ்சம் தாமதித்துப் போகும், அவ்வளவே. அது செய்கிற கெடுதல் வேறு: சுண்ணாம்பு போர்வை மாதிரி மூடுவதால் அடித்தட்டு மட்டும் அதிகமாகச் சூடாகி, தண்ணீர் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாதுகாப்பு கட்-ஆஃப் பாதியிலேயே நிறுத்திவிடும். ‘கொதிப்பதற்கு முன்பே ஆஃப் ஆகிறது’ என்று வருகிற கெட்டில்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். பாதி எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோ, ஒரு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் போட்ட தண்ணீரோ ஊற்றிக் கொதிக்க வைத்து அரைமணி நேரம் விட்டால் நுரைத்துக்கொண்டு கழன்றுவிடும். கத்தியால் சுரண்ட வேண்டாம். அணையவே அணையாமல் கொதித்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் மூடி சரியாக மூடவில்லை என்று அர்த்தம், ஆவி ஒரு சின்ன வழியாகப் போய் ஒரு உலோகத் தகட்டைச் சூடாக்கி வளைத்தால்தான் ஸ்விட்ச் அணையும், மூடி திறந்திருந்தால் ஆவி வேறு வழியில் போய்விடும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அங்கும் இந்த ஸ்விட்ச் ஒழுங்காக வேலை செய்வதற்குக் காரணம் அது டிகிரியைப் பார்க்காமல் ஆவியைப் பார்ப்பதுதான்.

கேஸ் அடுப்பு லாபமா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு லிட்டருக்கு அடுப்பில் 12, 13 கிராம் கேஸ் போகும், தீயில் பாதிக்குக் கிட்ட பாத்திரத்தைச் சுற்றி வெளியே போய்விடும் என்று வைத்துச் சொல்கிறேன். சிலிண்டர் 900 ரூபாய் என்றால் 80 பைசா. கெட்டிலில் யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுத்தாலும் 80 பைசா. உங்களுக்கு ரெண்டும் ஒன்றுதான், ஈபிக்கு நேரடியாகக் கட்டுகிற வீடுகளில் பெரும்பாலும் கெட்டில் மலிவு. பால் மட்டும் கெட்டிலில் காய்ச்சாதீர்கள், அடியில் பிடித்துக் கருகி, பொங்கி, ஸ்விட்ச் வழியில் போய் அடைத்துக்கொள்ளும், அதைக் கழற்றிக் கழுவித் தர நான் வாங்குகிற கூலியில் இன்னொரு கெட்டிலில் பாதி வாங்கிவிடலாம். வரக்காப்பியோ டீயோ, தண்ணீரைக் கொதிக்க வைத்து டம்ளரில் கலந்துகொள்ளுங்கள்.

ஆக வாங்க வேண்டுமா என்றால், வேண்டாம், இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். 600 வாட்டுக்குப் போனால் சாயங்காலம் உங்கள் லைனில் அது 400 வாட் ஆகிவிடும், அரை லிட்டருக்கே ஏழு நிமிடம் நிற்பீர்கள். 2000 வாட்டுக்குப் போனால் ஒரு நிமிடம் மிச்சமாகும், அந்தச் சாக்கெட்டுக்கு ஆயுள் குறையும். சாக்கெட் மாற்ற வீட்டுக்காரர் சம்மதிக்கவே இல்லை, பின் சூடாகிறது என்ற நிலை வந்தால் மட்டும் 600 வாட் வாங்குங்கள், அப்போது அவர் சொன்னது வேறு காரணத்துக்காகச் சரி. பில்லைக் குறைக்க வேண்டுமென்றால் ஊற்றுவதைக் குறையுங்கள். ஒரு டம்ளர் டீக்கு ஒரு லிட்டர் கொதிக்க வைத்து மீதியை ஆறவிடுகிறவர்கள்தான் அதிகம். குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாமல், உங்கள் கெட்டிலில் அது அரை லிட்டராக இருக்கும், அதோடு நிறுத்துங்கள், சரிபாதி.

காலையில் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது ஒரே தடவையாகக் கொதிக்க வைத்து ஒரு நல்ல பிளாஸ்கில் ஊற்றி மூடிவிட்டால் சாயங்காலம் டீக்குப் போதுமான சூடு இருக்கும், என் கடையில் அப்படித்தான் ஓடுகிறது. முதலில் அந்தப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். ஏழு மணிக்கு எடுத்த ரெண்டு வோல்ட் எண்களையும் இங்கே போடுங்கள், லைனா ஜாயின்டா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.